படியெடுத்த துயர்

திருக்கோணமலைக் கோட்டையின் வாயிலைக் கடந்தே கோணேசர் ஆலயத்துக்குச் செல்லல் வேண்டும். நாள்தோறும் அவ்வழியே செல்லும் அடியார் பலர். வாயிற் கல்லிலே கயல் உருவும் சிதைந்த தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டிருத்தலை நின்று நோக்குவார் மிகச் சிலர். 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். இடித்த கல்லைக் கொண்டே கோட்டையை எழுப்பினர். கோயிற் கல் கோட்டைக் கல்லாயிற்று. எழுத்தோ கல்லை விட்டுப் போகவில்லை. தன்னைச் சிறைப்படுத்திய சுவரிலேயே இருந்துகொண்டு இன்றும் அது பேசுகின்றது.

இத்தகைய கல்லெழுத்தை ஆராய்வோர் கண்ணால் மட்டும் அதனைப் படிப்பதில்லை, படியெடுத்துப் படிப்பர். முதலிற் கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவுவர். நனைத்த தாளை அதன்மேல் விரித்து, மயிர்த்தூரிகையால் மெல்ல மெல்ல அடித்து, எழுத்தின் பள்ளந்தோறும் தாள் இறங்கும்படி செய்வர். ஈரம் சற்றே வாங்கியதும் மைதோய்ந்த பொதியால் ஒற்றுவர். மேடெல்லாம் கறுக்கும், பள்ளமாகிய எழுத்து வெள்ளையாய் நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். படி என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கே ஒருங்கு கூடுதல் காண்க. படிப்பதற்காகப் படியெடுக்கின்றோம்; படியெடுத்தமையாற் படிக்கின்றோம்.

இந்த மைப்படிக்கு நெருங்கிய உறவுடைய கலையொன்றைப் பற்றியே ஈண்டுப் பேசப் புகுகின்றேன். பலகையிலோ செப்புத் தகட்டிலோ உருவைச் செதுக்கி, அல்லது கல்லில் எழுதி, மையிட்டுத் தாளில் ஒற்றியெடுக்கும் ஓவியம் அது. பதிப்போவியம் என்பர், அச்சோவியம் என்பாரும் உளர். பெயர் புதிதாயினும் செயல் நமக்கு முற்றும் புதிதன்று. சோழமண்டலக் கரையிலே மரக்கட்டை அச்சுக்கொண்டு துணியிற் பூவும் கொடியும் பதித்தார்கள். நம் பாட்டிமார் உடுத்த சீத்தைத் துணி அவ்வழி வந்ததே. ஏட்டிலே எழுத்தாணியாற் கீறி, கரியும் பச்சிலைச் சாறும் பூசித் துடைத்தால், மேலே நின்ற மை போய்விடும்; கீறலில் இறங்கிய மை மட்டும் நிற்கும். செப்புத் தகட்டு அச்சின் இரகசியம் முழுவதும் இவ்வளவே. நம் அரசர் பல நூற்றாண்டு காலம் செப்பேடு வெட்டுவித்தனர். வெட்டிய செப்பேட்டில் மை பூசித் தாளை வைத்து அழுத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை! தோன்றியிருப்பின் எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி விழுந்திருக்கும் என்பது வேறு கதை.

விளையாட்டாகச் சொல்லினும் இதிலே பெரியதொரு வேறுபாடு அடங்கியிருக்கின்றது. ஏடு ஒன்று, அச்சோ பல. ஏட்டைப் பெயர்த்தெழுத ஓராள் பல நாள் குனிந்திருத்தல் வேண்டும். அச்சுப் பலகை ஒன்றிலிருந்து ஒரு பகலிற் பல படிகள் எழும். இவ்வேறுபாடு யாது செய்யும் என்பதை ஈழத்தமிழர் அறிந்த விதம் மிகக் கொடியது. 1981 ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சு நூல் பலவற்றை வேறிடங்களிலிருந்து தேடிப் பெறுதல் கூடும். வேறு படியில்லாத ஏடு எரிந்தால் எரிந்ததுதான். அழிப்பவன் தேடுவது அந்த ஒற்றைப் படியையே.

கொடுமையைக் கண்ட பெண்கள் சிலர், தூரிகையை ஒதுக்கி வைத்துச் செதுக்குளியைக் கையில் எடுத்தமைக்கு இது தலையாய காரணம் என்று கருதுகின்றேன். அவருள் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஜேர்மனியர், மற்றவர் நம் உபகண்டத்தவர். ஒருவரையொருவர் காணாதவர்கள். ஒருவர் இறக்கும்போது மற்றவருக்கு வயது எட்டுக்கூட நிரம்பவில்லை.

கேத்தே கோல்விட்ஸ் அம்மையார் 1867 இல் அக்காலப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். கணவர் மருத்துவர். 1891 முதல் பேர்லின் நகரத்திலே தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதியொன்றில் அவர்கள் குடியிருந்தனர். மருத்துவரை நாடி வந்த ஏழைப் பெண்களின் முகங்களே அம்மையாருக்குப் பாடநூல்களாயின. சைலீசிய நாட்டு நெசவாளர் 1844 இற் பசி பொறாது கிளர்ந்தெழுந்த வரலாற்றை ஆறு தாள் கொண்ட கோவையாகப் பதித்தார். 1898 இல் அதற்குப் பொற்பதக்கம் வழங்குமாறு கண்காட்சி நடுவர் பரிந்துரைத்தனர், பேரரசர் மறுத்துவிட்டார். பதக்கம் மறுக்கப்பட்டமையால் அவர் புகழ் குறைந்ததா என்றால், இல்லை. அரசர் வெறுப்பது சில வேளைகளில் நல்ல விளம்பரமாகின்றது.

1914 இல் உலகப் போர் மூண்டது. இளைய மகன் பீற்றருக்கு வயது 18. போருக்குப் போகத் தந்தையின் இசைவு வேண்டும். தந்தை இசையவில்லை. மகன் தாயை நோக்கினான். தாய் கணவரிடம் மகனுக்காகப் பரிந்து பேசி இசைவு பெற்றுக் கொடுத்தாள். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே பெல்ஜிய மண்ணில் அவன் வீழ்ந்தான்.

இதைப் படிக்கும் தமிழாசிரியர் நெஞ்சில் ஒரு பாட்டு எழாமலிராது. புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. மூதின்முல்லை என்னும் துறையினது. முதற் போரிலே தமையனை இழந்தாளோ, தந்தையை இழந்தாளோ என உரையாளர் வேறுபடுவர். அடுத்த போரிலே கணவனை இழந்தாள். பின்னும் போர்ப்பறை கேட்டபோது, தன் ஒரே மகனுக்குத் தலைசீவி, கையில் வேல் கொடுத்துப் போர்க்களம் நோக்கிப் போவென விடுத்தாள். பாடியவரும் பெண்பாற் புலவர். அவர் அத்தாயைப் புகழ்கின்றாரா, கண்டு நடுங்குகின்றாரா என்பது நுணுகி நோக்க வேண்டிய வினா. வகுப்பறைகளிலே பெரும்பாலும் புகழ்ச்சியாகவே அதனைக் கற்பித்து வந்திருக்கின்றோம். மகனை அனுப்பிய மறுநாள் அவ்வீட்டில் என்ன நடந்தது என்று பாட்டுச் சொல்லவில்லை. கோல்விட்ஸ் அம்மையாரின் அச்சுகள் அந்த மறுநாளைச் சொல்கின்றன.

மகன் இறந்து ஆண்டு பல கழிந்தும் அத்துயரை உருவாக்க அவரால் இயலவில்லை. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்துப் பதிக்கும் முறையில் அவர் தேர்ந்தவர். கல்லச்சிலும் வல்லவர். இரண்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. 1919 இற் கொல்லப்பட்ட அரசியல் தலைவர் கார்ல் லீப்க்னெக்ற் என்பவருக்காக நினைவுத் தாள் ஒன்றைப் பதிக்க முயன்றபோதும் அவ்விரு முறைகளிலும் அவர் மனம் நிறைவுறவில்லை. 1920 இற் சிற்பி ஏர்ண்ஸ்ற் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைக் கண்டார். வழி திறந்தது. மரத்தில் மெல்லிய சாயல்களுக்கு இடமில்லை. செதுக்கி எடுத்தது வெள்ளை. எடுக்காது விட்டது கறுப்பு. ஒருமுறை உளி பட்டுப் போனது போனதே; மீட்டும் ஒட்டல் இயலாது. பிள்ளையை இழந்தவளுக்கு ஏற்ற கருவி அதுவன்றோ!

1921, 1922 ஆம் ஆண்டுகளிற் செதுக்கி 1923 இல் வெளியிட்ட "போர்" என்னும் கோவையில் ஏழு தாள்கள் உள. ஒன்றிலேனும் பகைவன் உருவம் இல்லை. துப்பாக்கி இல்லை, வெற்றிக்கொடி இல்லை. முதற் தாள் "பலி". தாயொருத்தி கண்ணை மூடிக்கொண்டு, கைக்குழந்தையை இரு கையாலும் ஏந்தி நீட்டுகின்றாள். யாருக்கு நீட்டுகின்றாள் என்பது படத்தில் இல்லை. இரண்டாவது "தொண்டர்". இளைஞர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வெறிகொண்டவர்போல் விரைகின்றனர். முன்னே பறை முழக்கிச் செல்பவன் கூற்றுவன். மாசாத்தியார் கேட்ட பறையை அடித்தவன் யாரென்று இந்தச் ஜேர்மனியப் பெண் காட்டிவிட்டாள் எனலாம். அடுத்து வரும் "பெற்றோர்" என்னும் தாளில் முழந்தாளிட்ட இருவர் ஒரே கருங்குன்றாய்க் குவிந்திருக்கின்றனர். முகம் தெரிவதில்லை. கைம்பெண்டிரைப் பற்றி இரு தாள்கள். அவற்றை விரித்துரையேன், காண்டலே தகும். ஆறாவது "தாய்மார்". பெண்கள் பலர் நெருங்கி வளையமாய் நின்று தம் கைகளையே மதிலாக்கியிருக்கின்றனர். அம்மதிலின் இடுக்கிலே குழந்தை முகம் எட்டிப் பார்க்கின்றது. அனுப்பி வைத்த தாய், இப்போது அனுப்ப மறுக்கும் தாய்மாரைச் செதுக்கினாள்.

பண்டித வகுப்பிலோ உயர்தர வகுப்பிலோ மூதின்முல்லைப் பாடல்களை நடத்தும் ஆசிரியர், இத்தாளின் படியொன்றை மேசைமேல் வைத்துவிட்டு நடத்தினால் நன்று என்பது என் துணிபு. பாட்டின் பெருமை அதனாற் குன்றாது. மகனைப் போருக்கு அனுப்பிய தாயர் நம் நாட்டில் ஏட்டளவில் நின்றவரல்லர். அனுப்பாமலே இழந்தவரும் பலர். அவர்தம் பேரப்பிள்ளைகள் வகுப்பின் முன்வரிசையில் இருக்கும்போது, வேலைக் கையிற் கொடுப்பதே தாய்மையின் முடிவு என்று மட்டும் சொல்லிப் பாடத்தை முடிக்க இயலுமோ?

இனி அப்படிகள் சென்ற வழியைச் சிறிது நோக்குவோம். 1931 பெப்ரவரியிற் சீனத்து ஷாங்காய் நகரிலே ரோ ஷி என்னும் இளம் எழுத்தாளர் அரசினராற் கொல்லப்பட்டார். ஊரிலே கண்பார்வை இழந்த தாய் மகன் வருவானென்றிருந்தாள். அவருடைய நண்பரும் சீனத்துப் பெரும் எழுத்தாளருமாகிய லூ சுன், வெளிப்படையாக இரங்கற்பா எழுத இயலாத காலமாதலின், கோல்விட்ஸ் அம்மையாரின் "பலி" என்னும் தாளைத் திங்களிதழொன்றில் வெளியிட்டார். அதுவே இரங்கற்பாவாயிற்று. ஜேர்மனியத் தாயின் துயர் சீனத்துத் தாயின் துயருக்குச் சொல்லாய் நின்றது. சீனத்து இளைஞர் பலர் மரச்செதுக்கைக் கற்றனர். அவர்தம் அச்சுகள் வங்காளம் வரை வந்தன; அங்கே சோம்நாத் ஹோர் முதலியோர் அவற்றைக் கண்டு பழகினர்.

வங்காளத்திலேயே, 1943 ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தை ஊர் ஊராய் நடந்து கோட்டுப்படமாக்கிய சித்தப்பிரசாத்தின் "பசித்த வங்கம்" என்னும் நூலை ஆங்கில அரசினர் பறித்து எரித்தனர். குடும்பத்தாரிடம் ஒரு படி எஞ்சிற்று. பிற்காலத்தில் அந்த ஒன்றிலிருந்தே நூல் மீண்டும் பிறந்தது.

கோல்விட்ஸ் அம்மையாருக்கும் இது நேர்ந்தது. 1933 இல் நாசிகள் அவரைக் கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றினர். அக்கழகத்துக்கு 1919 இலே தெரிவு செய்யப்பட்ட முதற் பெண்மணி அவர். 1942 இல், இறந்த மகனின் பெயரையே தாங்கிய பேரன் பீற்றர் ருசியப் போர்முனையில் மாண்டான். 1943 நவம்பரிலே பேர்லின் வீடு குண்டுவீச்சில் எரிந்தது. வீட்டிலிருந்த ஓவியமும் அச்சும் பல அழிந்தன. 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு வாரம் இருக்கையில், அவர் உயிர் நீத்தார். வீட்டோடு எரிந்தவை ஒருபுறமாக, "போர்" ஏழு தாளும் உலகெங்கும் பரந்து கிடந்தன. இன்றும் கிடக்கின்றன.

மற்றவர் ஸரீனா ஹாஷ்மி. ஸரீனா என்ற ஒற்றைப் பெயரையே கலையுலகில் வழங்கினார். 1937 இல் அலிகாரிற் பிறந்தார். தந்தையார் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர். மகள் அங்கேயே கணிதம் பயின்று பட்டம் பெற்றார். அவர் வெட்டிய கோட்டைக் கண்டால் கணிதம் கற்ற கை என்பது விளங்கும். 1947 இல் நாடு பிரிந்தபோது அவருக்கு வயது பத்து. குடும்பத்தார் உடனே பெயரவில்லை. 1959 இற் கராச்சிக்குப் போயினர். அவரோ அதற்கு முந்திய ஆண்டிலே அரசதந்திரப் பணியாளர் ஒருவரை மணந்து வெளிநாடு சென்றிருந்தார். பாங்கொக்கில் மரச்செதுக்கைக் கற்றார். பாரிஸ் நகரிலே ஹேற்றரின் பட்டறையிற் செப்புத் தகட்டு முறையைப் பயின்றார். டோக்கியோவில் யப்பானிய முறையை அறிந்தார். பின்னர் நியூயோர்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து, 2020 இல் இலண்டனிற் காலமானார். திரும்பிச் செல்வதற்குப் பிறந்த வீடு இல்லாதவராகவே அவர் வாழ்நாள் முழுவதும் கழிந்தது.

"தந்தையின் வீடு" என்பது 1994 இல் அவர் பதித்த அச்சு. அதிலே மனிதர் இல்லை. மரமோ கதவோ ஓவியமாக இல்லை. அலிகார் வீட்டின் தரைப்படம் மட்டுமே உள்ளது. இன்ன அறை, இன்ன இடம் என்று உருதுமொழியில் எழுதியிருக்கின்றார். காணி அளப்போர் வரையும் படம் போன்றது அது. ஆயினும் அதனைக் காண்பவர் கண் கலங்குதல் உண்டு. வீட்டை இழந்தவர் கண்ணை மூடினால் முதலில் வருவது சுவரின் அழகன்று. எந்தக் கதவைத் திறந்தால் எந்த அறை என்பதே.

1999 இற் பதித்த "வீடு ஓர் அந்நிய இடம்" என்னும் கோவை முப்பத்தாறு மரச்செதுக்கு அச்சுகள் கொண்டது. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சொல். வாசற்படி, முற்றம், எல்லை, மொழி என்றாற் போல்வன. முதலிற் சொற்களைக் குறித்து, அவற்றைப் பாகிஸ்தானிலிருந்த எழுத்துக்கலைஞர் ஒருவர் கையால் எழுதுவித்து, பின்பே ஒவ்வொன்றுக்கும் உருவம் கண்டார். சொல் முன்னும் உருவம் பின்னுமாகப் பிறந்த ஓவியம் இது. அகப்பாட்டிலே நொச்சி என்றும் நெய்தல் என்றும் ஒரு சொல் விழுந்தவுடன் நிலமும் பொழுதும் உள்ளமும் விரிதலை அறிந்த நமக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஓவியம் பயின்றோர் சிலர் இதனைக் கண்டு, நான்கு கோட்டுக்கு இவ்வளவு பெருமையோ என்று வினவுவதுண்டு. இலக்கணம் கற்றோர் அவ்வாறு வினவார். ஓரெழுத்தொரு மொழியின் ஆற்றலை அறிந்தவரன்றோ!

"பிரிக்கும் கோடு" 2001 இற் பதிக்கப்பட்டது. 1947 யூலையிலே இந்தியாவுக்கு முதன்முறை வந்த இரட்கிளிப் துரை, ஐந்து வாரத்தில் நாட்டை வகுந்த கோடு அது. தாளில் வேறொன்றும் இல்லை. வளைந்து நெளிந்து இறங்கும் ஒரு கருங்கோடு; சுற்றிலும் உளி பட்ட சிறு சிறு வடுக்கள். இங்கே நுட்பமான செய்தியொன்றைக் கவனித்தல் வேண்டும். கோட்டை மரத்திற் கீறுதல் எளிது. அவ்வாறு கீறியிருந்தால் கோடு வெள்ளையாய் விழும். அவர் அதைச் செய்யவில்லை. கோட்டின் இருபுறமும் இருந்த நிலம் முழுவதையும் செதுக்கி எறிந்து, கோட்டை மட்டும் நிறுத்தினார். நாட்டுப் பிரிவினை செய்த வேலையும் அதுதானே? இருபுறத்து ஊரும் உறவும் போயின, கோடு நின்றது.

அவருடைய தமக்கை ராணி கராச்சியில் வாழ்ந்தார். பெற்றோர் இறந்ததையும் வீடு விற்றதையும் தங்கைக்குக் கடிதமாய் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்தார். பின்னர் அக்கடிதங்கள் தங்கை கையை அடைந்தன. அந்த எழுத்தையே அச்சாக்கி, அதன்மேல் வீட்டுப் படங்களையும் ஊர்ப் படங்களையும் கருமையாய்ப் பதித்தார். 2004 இல் வெளிவந்த "வீட்டிலிருந்து கடிதங்கள்" என்னும் எட்டுத் தாள் கோவை இதுவே. அதற்கு முந்திய ஆண்டில், அழிவுற்ற ஒன்பது நகரங்களை ஒன்பது அச்சாக்கினார். சரயேவோ, ஸ்ரெப்ரெனிகா, குரோஸ்னி, ஜெனின், பக்தாத், காபூல் என்பவற்றோடு, 2002 இற் கலவரத்தால் எரிந்த அகமதாபாத்தும் அங்கே உண்டு. 2001 இல் இரு கோபுரங்கள் வீழ்ந்த நியூயோர்க்கும் உண்டு. தம் இனத்தார் மாண்ட ஊரை மட்டும் எண்ணிக்கொண்டு நின்றாரல்லர்.

கோல்விட்ஸ் அம்மையாரின் தாளில் மனிதர் உளர், ஊர் இல்லை. ஸரீனாவின் தாளில் ஊர் உண்டு, மனிதர் இல்லை. இருவரையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது எனக்கு நம் துறைமுகப் பகுதியே முன்னிற்கின்றது.

2006 ஆம் ஆண்டு ஒன்றையே எடுத்துக்கொள்க. சனவரி 2 ஆம் திகதி மாலை நம் கடற்கரையிலே மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 12 ஆம் திகதி சந்தையிற் குண்டு வெடித்தது. தொடர்ந்த கலவரத்தில் உயிர்கள் போயின, கடைகள் எரிந்தன. ஓகஸ்ட் மாதத்தில் மூதூரிலே பிரெஞ்சு உதவி நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். அம்மாதத்திலேயே மூதூர் முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கிற் கந்தளாய்க்கு ஓடினர். கொட்டியாரக் குடாவின் அக்கரையிலுள்ள சம்பூர் மக்கள் அவ்வாண்டு பெயர்ந்தவர்கள். 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே மீண்டும் தம் காணியை மிதித்தனர். பலருக்கு வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. மாவட்டத்தின் எல்லைப்புறச் சிங்களச் சிற்றூர்களிலும் வயலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் உண்டு. ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் இறந்தோரைத் தனித்தனியே எண்ணுகின்றனர். கணக்குகள் மூன்றும் ஒரே ஏட்டில் ஏறுவதில்லை. "தாய்மார்" என்னும் தாளிலுள்ள பெண்டிர் எந்நாட்டவர், எம்மதத்தவர் என்று எவரேனும் சொல்ல முடியுமா? அத்தாளை மூதூரில் வைத்தாலும் சம்பூரில் வைத்தாலும் கோமரங்கடவலையில் வைத்தாலும் பொருந்தும்.

ஈழத்திலே இவ்வழியில் நடந்தோர் இலர் என்று சொல்லிவிடல் ஆகாது. ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தோரை அணுகி அவரவர் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் செய்து, அவற்றைத் தொகுத்து 2011 இல் "முற்றுப்பெறாத தோம்பு" எனப் பொருள்படும் பெயரில் நூலாக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. ஆள்வோர் எழுதிய பதிவேட்டின் பெயரை, இழந்தோர் எழுதிய பதிவேட்டுக்கு இட்டமை நயமுடைத்து. நூலை வெளியிட்டவர் ஷர்மினி பெரேரா என்னும் பெண்மணி. மட்டக்களப்பில் வாழும் வாசுகி ஜெயசங்கர் போரிடைப்பட்ட பெண்களின் நிலையை நெடுங்காலமாக வண்ணத்தில் எழுதி வருகின்றார். அவை அச்சல்ல, ஓவியம். ஆயினும் கோல்விட்ஸ் அம்மையார் கண்ட அதே பெண்டிரை அங்கும் காணலாம்.

இவ்வாறான கலை ஆறிய புண்ணைக் கீறுவதன்றோ என்று கேட்பார் உளர். நல்லறிஞரே கேட்கின்றனர். புண் ஆறிற்று என்பதை யார் சொல்லல் வேண்டும்? காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரத்தில் அமர்ந்து கேட்டவண்ணம் இருந்தனர், திருமலையிலும் அமர்ந்தனர். அவருட் பலர் மறுமொழி பெறாமலே இறந்துவிட்டனர். அவர்கள் கையில் இருந்தது யாது? படம். அடையாள அட்டையிலிருந்தோ கலியாண வீட்டுப் படத்திலிருந்தோ ஒரு முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, கண்ணாடித்தாள் ஒட்டிய படம். அப்பெண்கள் ஓவியக் கல்லூரிக்குப் போனவர்களல்லர். ஆயினும் ஒற்றைப் படியாக இருப்பது அழியும், பலவாக இருப்பது நிற்கும் என்பதை எவரும் சொல்லாமலே அறிந்து படியெடுத்தார்கள். ஒன்று வீட்டிலே சுவாமிப் படத்தருகில், ஒன்று ஆணைக்குழுவின் கோவையில், ஒன்று கையில்.

புகைப்படப் படிக்கு ஒரு குறை உண்டு. மூலம் தொலைந்தபின் படியிலிருந்து படி எடுக்கின்றனர், அப்படியிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் கண்ணும் வாயும் சிறிது மங்குகின்றன. கடற்காற்றும் வெயிலும் எஞ்சியதைத் தின்கின்றன. சில தாய்மார் கையிலிருந்த தாளிலே முகத்தின் வட்டம் மட்டுமே தெரிந்தது. மரத்திற் செதுக்கிய உருவத்திலிருந்து எழும் பத்தாவது படியும் முதற் படியும் வேறுபடுவதில்லை.

இதற்குப் பெரிய பொறி வேண்டும், நகரத்துப் பட்டறை வேண்டும் என்று அஞ்சுதல் வேண்டா. ஸரீனா தம் வாழ்மனையையே பட்டறையாகக் கொண்டு வேலை செய்தவர். வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து சாயத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றும் பாலர் வகுப்புப் பிள்ளை இக்கலையின் முதற் படியை ஏறிவிட்டது. மேல் வகுப்புக்கு ஒரு துண்டு லினோலியம் அல்லது மென்மரப் பலகை, கூரிய சிறு உளி இரண்டு, அச்சகத்து மை சிறிது, அதைத் தடவ ஓர் உருளை, மெல்லிய தாள். முகமாயினும் வீட்டுப் படமாயினும் இடம்வலம் மாற்றி வரைந்துகொள்ளல் வேண்டும். எழுத்து உண்டாயின் கண்ணாடியிற் பார்த்துச் சரிபார்த்தல் நன்று. ணகர னகரங்கள் ஏமாற்றும். செதுக்கி முடிந்ததும் மையை மெல்லிதாகத் தடவித் தாளை மேலே இட்டு, அடுக்களையிலிருந்து மர அகப்பை ஒன்றைக் கொண்டுவந்து, அதன் முதுகால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சீராகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்து, கறுப்பு நிரம்பாத இடத்தை மீண்டும் தேய்க்கலாம். பின்பு தாளை உரித்தெடுத்துக் கொடியிலே காயப் போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுக்கலாம்.